அரைச் செக்கன்

வரப்போகிற வருசத்துக் கார் ஒன்று
ஏறாவூர் இஹ்ஜாஸின் கைபேசியில் ஓடுகிறது.
ஆறு சிலிண்டர் போய்விட்டதாம்.
இனி நாலு சிலிண்டரும் ஒரு டர்போவுமாம்.
வெர்லின் பார்த்தலட்
கையிலிருந்த பிளக்கை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுவிட்டு
செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

கல்லடி, டச்பார் வீதி, அவனுடைய கராஜ்.
உள்ளே ஒரு ஓட்டோ, இரண்டு ஹயஸ்,
சைலன்சர் கழன்ற கிரான்குளத்து ஐஸ் லொறி.
எங்களில் ஒருவரும் அந்தக் காரை வாங்கப் போவதில்லை.
அதன் வரிக்கே வளவும் வீடும் வாங்கி
மிச்சத்துக்கு மதிலும் கட்டலாம்.
சண்டைக்குத்தான் வரி இல்லையே.

"எஞ்சின் என்டா தன்ட மூச்சில ஓடணும்.
நீ மிதிக்கிற அளவுக்கு இழுக்கும்,
கூடவும் இல்ல, குறையவும் இல்ல.
எட்டாயிரம் சுத்துல அது அழுகிற அழுகை இருக்கே,
சும்மா சத்தமில்ல மனே, வாக்குமூலம்."
ஸ்க்ரூட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து
முனையை எஞ்சினில் ஊன்றி
வால்வுகளின் இரகசியம் கேட்கிறவன் அவன்.

நான் பார்ட்ஸ் கடைக்காரன். கணக்கில் பேசுகிறவன்.
புகைக்குழாயால் வீணே போகிற சூட்டைப் பிடித்து
நத்தை ஓட்டுக்குள் ஒரு சக்கரத்தைச் சுழற்றி
அந்தச் சுழற்சியில் புதுக்காற்றை நெருக்கி உள்ளே தள்ளினால்,
விட்ட மூச்சே அடுத்த மூச்சுக்குக் கூலிவேலை செய்தால்,
அதில் என்ன களவு என்று கேட்டேன்.

"களவில்ல. கடன்.
மிதிச்சாப்பிறகு யோசிக்குது பார் ஒரு அரைச் செக்கன்,
அது கடன் கேட்டுப் போனவன்
படலையில நிக்கிற நேரம்."

"அடுத்து பெட்டரிக் கார்தான் வரும்,
ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க,"
என்று பிளேன்டீக்குக் காசு கொடுத்துவிட்டு
இஹ்ஜாஸ் தன் பழைய பஜாஜை
ஏழுதரம் உதைத்து ஸ்டார்ட் பண்ணினான்.

மறுகா ஒரு மார்கழி மழை இரவு.
மனைவி ஜெனிற்றா எடுத்தாள்:
இவருக்கு இழுக்குது, பம்ப் முடிஞ்சிட்டு, ஓட்டோவும் இல்ல.
முப்பது வருசம் பிறேக் தூசியும் பெயின்ற் புகையும்
குடித்த நெஞ்சு.
என்னிடம் இருந்தது வெள்ளை வாகன்ஆர்,
அறுநூற்றறுபது சீசீ,
போனட்டுக்குள் தோடம்பழம் அளவில் ஒரு டர்போ.

பாலம் ஏறும் இடத்தில் மிதித்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காத அந்த இடைவெளிக்குள்
வைப்பர் ஒருதரம் போய்க் கிறுகி வந்தது.
வாவியில் ஒரு தோணி விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.
பின்சீற்றில் ஒரு நெஞ்சு
ஊர்க்காற்றெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நிற்க
தன் சொந்த மூச்சில் இழுத்து
இழுத்து
ஊசித்துளை அளவும் கிடைக்காமல்.
எட்டாயிரம் சுற்றின் அழுகை இதுதானோ என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

பிறகு அது வந்தது.
மெல்லிய விசில் ஒன்று. முதுகில் ஒரு கை.
பாலம் எங்களுக்குக் கீழே வழுக்கிப் போனது.

ஆஸ்பத்திரியில் தாதி முகமூடியை மாட்டினாள்.
கட்டிலடியில் ஒரு குட்டிக் கம்ப்ரசர் கடகடத்தது,
டயருக்குக் காற்றடிக்கிறதின் தங்கச்சி.
மருந்துப் புகை உள்ளே போகப் போக
உதட்டின் நீலம் கரைந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல நிறைய இருந்தது.

விடியப்புறம் கண் திறந்தான்.
முகமூடிக்குள்ளிருந்து என்னைத் தேடிப் பிடித்து
நகத்தில் கிரீஸ் இருந்த இரண்டு விரல்களை
பிளக்கின் இடைவெளிக்குச் சரியாக விரித்தான்.

"பாலத்தடியில பிந்தினது," என்றான்,
"இவ்வளவு."